சாகசக் கணினி விளையாட்டுகளின் ரசிகர் மறுவாக்கங்கள்

ஒரு பழைய கணினி விளையாட்டை, அதைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல், அதை ஆடி வளர்ந்தவர்களே ஒன்றுகூடிப் புதிய படங்கள், இசை, குரல், நிரல் ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் உருவாக்குவது ரசிகர் மறுவாக்கம் எனப்படும். கணினி விளையாட்டின் பல வகைகளில் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. ஆயினும், ‘பாயிண்ட் அண்ட் கிளிக்’ எனப்படும், சுட்டியால் சொடுக்கி ஆடும் சாகச விளையாட்டுகளில்தான் இது தனியொரு மரபாக வளர்ந்தது. 2001 முதல் வெளிவரத் தொடங்கிய இந்த மறுவாக்கங்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்தவர்களால் உருவாக்கப்பட்டு, இலவசமாக வழங்கப்பட்டன.

இந்த மரபின் அடியில் ஒரு சிக்கல் உள்ளது. உழைத்தவர்கள் ரசிகர்கள், ஆனால் கதையும் பாத்திரங்களும் பெயரும் சட்டப்படி வேறொருவரின் உடைமை. உரிமையாளர் ஒரு கடிதம் அனுப்பினால் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் நின்றுவிடும். உரிமையாளர் கவனிக்காமல் விட்ட ஒரு படைப்பைப் பேணும் பொறுப்பு யாருடையது, பேணுவோருக்கு அதை மாற்றி எழுதவும் உரிமை உண்டா என்ற கேள்விகளை இவ்வரலாறு எழுப்புகிறது.

சாகச விளையாட்டுகளின் தோற்றம்

சாகச விளையாட்டு என்பது வேகத்தையோ குறிபார்க்கும் திறனையோ நம்பியது அன்று. ஒரு கதைக்குள் நுழைந்து, இடங்களைச் சுற்றிப் பார்த்து, பொருள்களைச் சேகரித்து, பாத்திரங்களுடன் பேசி, புதிர்களை அவிழ்த்து முன்னேறுவதே அதன் இயல்பு. 1970களின் நடுப்பகுதியில் வில் கிரவுதர் எழுதி, பின்னர் டான் உட்ஸ் விரிவாக்கிய ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ இவ்வகையின் முன்னோடி. அதில் படமே இல்லை. குகையின் வருணனை எழுத்தில் தோன்றும். ஆடுபவர் தம் கட்டளையைத் தட்டச்சு செய்வார்.

அந்த விளையாட்டில் மனம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட்டா வில்லியம்ஸ். அவரும் அவர் கணவர் கென் வில்லியம்சும் சேர்ந்து 1980-இல் ஆப்பிள் 2 கணினிக்காக ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். எழுத்துடன் கோட்டோவியங்களையும் காட்டிய முதல் சாகச விளையாட்டாக அது கருதப்படுகிறது. அவர்களின் நிறுவனமே பின்னாளில் சியரா ஆன்லைன் என்று புகழ்பெற்றது.

1984-இல் சியரா வெளியிட்ட ‘கிங்ஸ் குவெஸ்ட்’ அடுத்த பெரிய அடி. அசையாத படங்களுக்குப் பதிலாக, ஓர் உலகத்துக்குள் நடமாடும் பாத்திரத்தை அது காட்டியது. மரத்தின் பின்னால் சென்றால் கிரகாம் என்ற வீரன் மறைவான். முன்னால் வந்தால் தெரிவான். 16 நிறங்களும் 160-க்கு 200 என்ற அளவில் அமைந்த தடித்த படப்புள்ளிகளுமே அன்று கிடைத்த வசதி. கதவைத் திற, கல்லை நகர்த்து போன்ற கட்டளைகளை அப்போதும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. சரியான சொல் அகப்படாவிட்டால், விடை தெரிந்தும் முன்னேற முடியாது.

இந்தத் தட்டச்சுத் தொல்லையைப் போக்கும் வழி வேறொரு நிறுவனத்தில் உருவானது. லூக்காஸ்பிலிம் கேம்ஸ் (பின்னாளில் லூக்காஸ் ஆர்ட்ஸ்) 1987-இல் வெளியிட்ட ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டில் வினைச்சொற்கள் திரையின் அடிப்பகுதியில் வரிசையாகக் காட்டப்பட்டன. ஒரு வினையையும் ஒரு பொருளையும் தேர்ந்தெடுத்தால் கட்டளை முழுமையாகிவிடும். இதற்காக ரான் கில்பர்ட், ஏரிக் வில்மண்டர் ஆகியோர் ஸ்கம் என்ற நிரலாக்க அமைப்பை உருவாக்கினர். 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ இம்முறையைப் பெரும்புகழ் பெறச் செய்தது. அதே ஆண்டில் சியராவும் ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ மூலம் தட்டச்சைக் கைவிட்டுச் சுட்டிக்கு மாறியது. 256 நிறங்களைக் காட்டும் விஜிஏ தொழில்நுட்பம் அதற்குள் பரவியிருந்தது. ஓவியர்கள் கையால் தீட்டிய பின்னணிகளை வருடிக் கணினிக்குள் கொண்டுவர அது இடமளித்தது.

நிறுவனமே செய்த மறுவாக்கங்கள்

தொழில்நுட்பம் இவ்வளவு விரைவாக மாறியதால், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகள்கூடப் பழம்பொருளாகத் தோன்றின. எனவே மறுவாக்கம் என்ற எண்ணத்தை முதலில் செயல்படுத்தியதும் சியராதான். 1990-இல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ முதல் பாகத்தை அது புதுப்பித்து வெளியிட்டது. ஆனால் அந்தப் பதிப்பு 16 நிறங்களிலேயே நின்றது, தட்டச்சும் நீங்கவில்லை. அதே ஆண்டில் வந்த ஐந்தாம் பாகத்தின் பக்கத்தில் அது மங்கிப்போனது. கறுப்பு வெள்ளைத் திரைப்படத்துக்கு வண்ணம் பூசுவது போன்ற செயல் இது என்ற குறைகூறலும் எழுந்தது. எதிர்பார்த்த விற்பனையும் கிட்டவில்லை.

அடுத்த இரண்டாண்டுகளில் ‘ஸ்பேஸ் குவெஸ்ட்’, ‘லெஷர் சூட் லாரி’, ‘போலீஸ் குவெஸ்ட்’, ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ ஆகிய தொடர்களின் முதல் பாகங்கள் 256 நிறங்களில், சுட்டியால் ஆடும் வகையில் வெளிவந்தன. அத்துடன் அத்திட்டம் நின்றுவிட்டது. ‘கிங்ஸ் குவெஸ்ட்’ இரண்டாம், மூன்றாம் பாகங்களும் ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ இரண்டாம் பாகமும் பழைய வடிவிலேயே விடப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பிறகு ரசிகர்கள் கைவைத்தது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

சியராவின் சரிவு

1990களின் பிற்பகுதியில் முப்பரிமாண விளையாட்டுகள் சந்தையைப் பிடித்தன. சாகச விளையாட்டுகளின் விற்பனை குறைந்தது. சியரா 1996-இல் சி.யூ.சி. இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் பிரான்சின் விவெண்டி குழுமத்தின் கைக்குப் போனது. 1999 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓக்ஹர்ஸ்ட் ஊரில் இருந்த அதன் மூல விளையாட்டுக்கூடம் மூடப்பட்டது. ‘கிங்ஸ் குவெஸ்ட்’ போன்ற தொடர்களின் உரிமை மட்டும் ஆவணங்களில் கைமாறிக்கொண்டே இருந்தது. 2008-இல் அது ஆக்டிவிசனிடமும், 2023-இல் மைக்ரோசாப்டிடமும் சேர்ந்தது.

ஆக, 2000-ஆம் ஆண்டளவில் நிலைமை இதுதான்: படைத்தவர்கள் கலைந்துவிட்டனர், உரிமை பெற்றவர்களுக்கு அப்படைப்புகளில் ஆர்வம் இல்லை, புதிய கணினிகளில் பழைய வட்டுகள் ஒழுங்காக இயங்கவும் இல்லை. சிறுவயதில் இவற்றை ஆடியவர்களோ அப்போது நிரலெழுதவும் படம் வரையவும் தெரிந்த இளைஞர்களாக வளர்ந்திருந்தனர்.

அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ

ஆர்வம் மட்டும் இருந்தால் ஒரு விளையாட்டு உருவாகிவிடாது. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான விளையாட்டுப் பொறியும் வேண்டும். அந்தத் தேவையை நிறைவு செய்தது அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ. சுருக்கமாக ஏஜிஎஸ் என்று அழைக்கப்படும் இதனைப் பிரித்தானியரான கிறிஸ் ஜோன்ஸ் எழுதி, 1997-இல் ‘அட்வென்ச்சர் கிரியேட்டர்’ என்ற பெயரில் முதலில் வெளியிட்டார். சியரா பாணி விளையாட்டுகளைத் தனியாள் ஒருவரும் உருவாக்க முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டணமின்றிக் கிடைத்த இக்கருவியின் மூல நிரல் 2010-11 காலத்தில் பொதுவில் திறந்துவிடப்பட்டது.

ஏஜிஎஸ் செயல்படும் முறை எளிமையானது. கதையின் ஒவ்வொரு இடமும் ஓர் ‘அறை’. அந்த அறைக்கு ஒரு பின்னணி ஓவியம் இருக்கும். அதன்மேல், கண்ணுக்குத் தெரியாத சில அடுக்குகளை உருவாக்குநர் தீட்டுவார். பாத்திரம் எங்கெங்கு நடக்கலாம் என்பதை ஓர் அடுக்கு குறிக்கும். எந்த மரத்துக்கும் தூணுக்கும் பின்னால் அது மறைய வேண்டும் என்பதை மற்றொன்று சொல்லும். எந்த இடத்தைச் சொடுக்கினால் விளைவு உண்டு என்பது மூன்றாவது அடுக்கில் இருக்கும். உரையாடல்கள், பையில் உள்ள பொருள்கள், பாத்திரங்களின் அசைவுகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. சொடுக்கினால் என்ன நிகழ வேண்டும் என்பது மட்டும் நிரலாக எழுதப்படும். பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் வைத்திருந்த உற்பத்தி முறை இவ்வாறு வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது.

முதல் முயற்சி: கிங்ஸ் குவெஸ்ட் விஜிஏ

2000-ஆம் ஆண்டளவில் உருவான டியெரா என்டர்டெயின்மெண்ட் என்ற ரசிகர் குழு, ‘கிங்ஸ் குவெஸ்ட்’ முதல் பாகத்தை ஏஜிஎஸ் கொண்டு மறுவாக்கம் செய்து 2001-இல் வெளியிட்டது. சியரா தன் முதல் மறுவாக்கத்தில் செய்யாமல் விட்ட இரண்டையும் அது செய்தது: 256 நிறப் படங்கள், முழுமையான சுட்டிவழி ஆட்டம். ஐந்தாம், ஆறாம் பாகங்களின் தோற்றமே அதற்கு வழிகாட்டி. அந்தப் பாகங்களில் கிரகாமுக்குக் குரல் கொடுத்த, முன்னாள் சியரா ஊழியரான ஜோஷ் மேண்டல், ரசிகர் பதிப்பிலும் அதே பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். பழைய நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே வந்து சேர்ந்தது அந்த முயற்சிக்கு ஒரு வகை ஏற்பாகவும் அமைந்தது.

தட்டச்சு விளையாட்டைச் சுட்டிக்கு மாற்றுவது, கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், நுட்பமான வேலை. பழைய வடிவில் என்ன செய்யலாம் என்பதே பாதிப் புதிர். அந்த எண்ணம் ஆடுபவரின் மனத்தில்தான் தோன்ற வேண்டும். சுட்டி வந்தபின் திரையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தே விடை கண்டுவிடலாம். முதல் பாகத்தில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்கும் புதிர் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பின்னோக்கிச் சிந்திப்பது சில வேளை நல்லது என்ற குறிப்பு மட்டும் கதையில் கிடைக்கும். ஒரு ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையில் வரும் குள்ளனின் பெயரை எடுத்து, ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதினால்தான் 1984 பதிப்பு ஏற்கும். இது அளவுக்கு மீறிய கடினம் என்று உணர்ந்த சியரா, 1990 பதிப்பில் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதினாலே போதும் என்று தளர்த்தியது. மூலத்துக்கு உண்மையாக இருப்பதா, ஆடுபவருக்கு இரங்குவதா என்ற இந்தத் தடுமாற்றம் எல்லா மறுவாக்கங்களுக்கும் பொதுவானது.

வழி அடைபடுதல் என்பது இன்னொரு சிக்கல். பழைய சியரா விளையாட்டுகளில் தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்கத் தவறினால், பல மணி நேரம் கழித்து முன்னேறவே முடியாத நிலை வரும். தவறு எங்கே நேர்ந்தது என்றும் தெரியாது. இரண்டாம் பாகத்தில் ஒரு பாலத்தைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் கடந்தால் அது இடிந்து விழும். வீணாக நடந்தவர் கதி அவ்வளவுதான். அத்தகைய அடைப்புகள் இல்லாமல் ஆட விரும்புவோருக்காக ஒரு தனித்தெரிவை ரசிகர் பதிப்பு வழங்கியது. பழைய கடுமையை விரும்புவோருக்கு அதுவும் இருந்தது.

மறுவாக்கமும் மறுபடைப்பும்

அடுத்து 2002 இறுதியில் வந்த இரண்டாம் பாகத்தின் மறுவாக்கம் வேறொரு பாதையில் சென்றது. 1985-இல் வந்த மூலத்தில் கதை மெலிந்தது: கிரகாம் மன்னன் மூன்று திறவுகோல்களைத் தேடி, மூன்று கதவுகளைத் திறந்து, கோபுரத்தில் அடைபட்ட வாலனிஸ் என்ற பெண்ணை மீட்கிறான். ரசிகர் குழு இந்தக் கதைச்சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதிய கதையை எழுதியது. மூலத்தில் வெறும் தடையாக நின்ற பாத்திரங்களுக்கு முன்கதையும் மனமும் தரப்பட்டன. ஆறாம் பாகத்தில் பேசப்படும் கறுப்பு அங்கிச் சங்கம் என்ற மந்திரவாதிகளின் கூட்டம் இங்கே கதையின் மையத்துக்கு வந்தது. தொடரின் வெவ்வேறு பாகங்களில் தொடர்பின்றிக் கிடந்த வில்லன்கள் ஒரே சரட்டில் கோக்கப்பட்டனர். மூலத்தின் துணைத்தலைப்பில் இருந்த அரியணை என்ற சொல்லும் மாறி, கற்கள் என்று ஆயிற்று.

முதல் பாகத்தின் மறுவாக்கம் பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றியது என்றால், இரண்டாம் பாகத்தில் கள்ளும் புதிது. இதனால் ரசிகர்களிடையே இரு நிலைப்பாடுகள் தோன்றின. மூலத்தைக் காட்டிலும் இதுவே சிறந்த விளையாட்டு என்றனர் ஒரு சாரார். இது மறுவாக்கமே அன்று, மூலத்தின் பெயரில் வந்த வேறொரு படைப்பு என்றனர் மறுசாரார். இரண்டுமே உண்மை என்பதால் அந்த விவாதம் தீரவில்லை. பேணுதல் என்ற நோக்கில் தொடங்கிய பணி, படைத்தல் என்ற எல்லைக்குள் கால்வைத்த இடம் இது.

2003-இல் இக்குழு தன் பெயரை ஏஜிடி இன்டராக்டிவ் என்று மாற்றிக்கொண்டது. பெயர் அறியப்படாத விளையாட்டு உருவாக்குநர்கள் என்பது ஏஜிடி என்ற சுருக்கத்தின் பொருள். பதிப்புரிமை விவெண்டியிடம் இருந்த நிலையில், வணிக நோக்கின்றி இலவசமாக வழங்குவது என்ற நிபந்தனையுடன் ரசிகர் உரிமம் ஒன்றையும் இக்குழு பெற்றது.

விடுபட்ட கண்ணி: குவெஸ்ட் ஃபார் குளோரி 2

ரசிகர் மறுவாக்கத்தின் பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘குவெஸ்ட் ஃபார் குளோரி 2’. லோரி கோல், கோரி கோல் இணையர் வடிவமைத்த இத்தொடரில், ஆடுபவர் உருவாக்கும் வீரன் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குத் தன் திறன்களோடு பயணம் செய்வான். போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்ற மூன்று தொழில்களில் எதைத் தேர்ந்தாலும் அதற்கேற்பப் புதிர்களின் விடை மாறும். முதல் பாகம் 1992-இல் மறுவாக்கம் பெற்றது. மூன்றாம், நான்காம் பாகங்கள் தொடக்கத்திலேயே 256 நிறங்களில் வந்தன. 1990-இல் வெளியான இரண்டாம் பாகம் மட்டும் 16 நிறங்களிலும் தட்டச்சிலும் தனித்து நின்றது. தொடரை வரிசையாக ஆட விரும்பிய புதியவர் பலர் அந்த இடத்தில் இடறினர்.

ஏஜிடி குழுவின் மறுவாக்கம் பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2008 ஆகஸ்டில் வெளிவந்தது. அரபுக் கதைகளின் சாயலில் அமைந்த ஷாபேர் நகரின் தெருக்கள் எல்லாம் புதிதாக வரையப்பட்டன. குழப்பும் சந்துகளை மூலத்தில் உள்ளபடியோ எளிமையாக்கியோ ஆடலாம். சண்டை முறை புதிதாக அமைக்கப்பட்டது. உரையாடலில், கேட்க வேண்டிய பொருளை ஆடுபவரே சிந்தித்துத் தட்டச்சு செய்யும் பழைய முறையும் விருப்பத் தெரிவாக வைக்கப்பட்டது. தட்டச்சில் இருந்த கண்டுபிடிப்பின் இன்பத்தைச் சுட்டி விழுங்கிவிடாமல் காத்த தீர்வு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பாகத்தில் சேமித்த வீரனை இதில் கொண்டுவந்து, இதன் முடிவில் மூன்றாம் பாகத்துக்கு அனுப்பவும் வழி செய்யப்பட்டது. நிறுவனம் முடிக்காமல் விட்ட சங்கிலியின் கண்ணியை, 18 ஆண்டுகளுக்குப் பிறகு, சம்பளம் வாங்காதவர்கள் பொருத்தினர்.

ஒரு மூலம், இரு மறுவாக்கங்கள்

‘கிங்ஸ் குவெஸ்ட் 3’ இரண்டு குழுக்களால் தனித்தனியாக மறுவாக்கம் செய்யப்பட்டது. இன்ஃபேமஸ் அட்வென்ச்சர்ஸ் குழுவின் பதிப்பு 2006-இலும், ஏஜிடி குழுவின் பதிப்பு 2011-இலும் வெளிவந்தன. மனன்னன் என்ற மந்திரவாதியிடம் அடிமையாக வளரும் குவிடியன் என்னும் சிறுவனின் கதை அது. மந்திரவாதி வெளியே போகும்போதும் தூங்கும்போதும் மட்டுமே சிறுவனால் தன் விடுதலைக்கான பொருள்களைத் திரட்ட முடியும். திரையின் மேல் ஓடும் கடிகாரம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மந்திரங்களை விளையாட்டுடன் வந்த கையேட்டைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும், பிசகினால் மரணம். திருட்டுப் பிரதிகளைத் தடுக்கும் உத்தியாகவும் அது பயன்பட்டது. சுட்டிக்கு மாறும்போது இதுபோன்ற பகுதிகளைப் புதிதாகச் சிந்தித்தே தீர வேண்டும். ஒரே மூலத்தை இரு குழுக்கள் இரு விதமாகக் கண்டதிலிருந்து, மறுவாக்கம் என்பது வெறும் படியெடுப்பு அன்று, ஒரு விளக்கவுரை என்பது புலனாகிறது.

சட்டத்தின் நிழல்

இம்முயற்சிகள் எல்லாம் உரிமையாளரின் இசைவை நம்பியே நின்றன. அந்த இசைவு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ‘தி சில்வர் லைனிங்’ சான்று. இது மறுவாக்கம் அன்று. ‘கிங்ஸ் குவெஸ்ட்’ தொடருக்கு ஃபீனிக்ஸ் ஆன்லைன் ஸ்டூடியோஸ் என்ற ரசிகர் குழு உருவாக்கிய தொடர்ச்சி. 2005-இல் பணியை நிறுத்துமாறு விவெண்டி கடிதம் அனுப்பியது. ரசிகர்கள் திரண்டு முறையிட்டதன் பயனாக நிறுவனம் இறங்கிவந்தது. தலைப்பில் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ என்ற பெயரை நீக்குவது உள்ளிட்ட நிபந்தனைகளுடன் ரசிகர் உரிமம் கிடைத்தது.

ஆனால் 2008-இல் உரிமை ஆக்டிவிசனுக்கு மாறியது. 2010 பிப்ரவரியில் புதிய உரிமையாளரிடமிருந்து மீண்டும் தடைக்கடிதம் வந்தது. மீண்டும் ரசிகர்களின் முறையீடு; மீண்டும் பேச்சுவார்த்தை. ஜூன் மாதத்தில் தடை விலக, ஜூலையில் முதல் பகுதி வெளியானது. ஒரு நிறுவனம் கொடுத்த வாக்கு அடுத்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று நம்பிப் பல ஆண்டு உழைக்க முடியாது என்பதை மற்றக் குழுக்களும் இதிலிருந்து உணர்ந்தன. ஆயினும் அதே ஆக்டிவிசனின் உரிமத்தின் கீழ்த்தான் 2011-இல் ஏஜிடியின் மூன்றாம் பாகம் வெளிவந்தது.

உரிமையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வணிகச்சின்னத்தை எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டால் அதன் சட்டப் பாதுகாப்பு தளரும். பிற்காலத்தில் அத்தொடரைத் தாமே புதுப்பிக்க நினைக்கும்போது, இலவசப் பதிப்பு ஒன்று முன்னமே இருப்பது இடையூறாகலாம். இந்த இரு நியாயங்களுக்கும் இடையில் கிடைத்த நடுவழியே ரசிகர் உரிமம்: பணம் வாங்காதே, உரிமை கொண்டாடாதே, நாங்கள் தடுக்கமாட்டோம்.

மாற்றாமல் காத்தல்: ஸ்கம்விஎம்

லூக்காஸ் ஆர்ட்ஸ் விளையாட்டுகளுக்கும் ரசிகர் மறுவாக்கங்கள் உண்டு. லூக்காஸ்ஃபேன் கேம்ஸ் குழு 2004-இல் ஏஜிஎஸ் கொண்டு உருவாக்கிய ‘மேனியாக் மேன்ஷன் டீலக்ஸ்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்த விளையாட்டுகளைக் காத்ததில் பெரும்பங்கு வேறொரு வகைப் பணிக்கு உரியது.

சாகச விளையாட்டு இரு பகுதிகளால் ஆனது. படம், இசை, கதை ஆகியவற்றைக் கொண்ட தரவுக் கோப்புகள் ஒன்று. அவற்றைப் படித்து இயக்கும் நிரல் மற்றொன்று. காலம் மாறும்போது பழுதாவது இரண்டாவது பகுதிதான். 2001-இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ், வின்சென்ட் ஹாம் ஆகியோர் தொடங்கிய ஸ்கம்விஎம் திட்டம், அந்த இயக்கு நிரலை மட்டும் புதிதாக எழுதியது. ஆடுபவர் தம்மிடமுள்ள பழைய தரவுக் கோப்புகளைக் கொடுத்தால், விளையாட்டு எந்த மாற்றமும் இன்றி இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும். பின்னர் சியரா உள்ளிட்ட பல நிறுவனங்களின் விளையாட்டுகளையும் அது இயக்கக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் ரெவல்யூஷன் நிறுவனம் தன் மூல நிரலைத் தந்து உதவியதோடு, 1994-இல் வந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டை 2003-இல் இலவசமாக்கவும் செய்தது. இன்று பழைய விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடைகளே சிலவற்றை ஸ்கம்விஎம்முடன் சேர்த்துத்தான் விற்கின்றன.

ஸ்கம்விஎம் மூலத்தை அப்படியே காட்டுகிறது. மறுவாக்கம் மூலத்துக்கு இன்றைய வடிவம் தருகிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. மூலம் ஆடக் கிடைக்கும்போதுதான் மறுவாக்கம் எதை மாற்றியது என்று மதிப்பிட முடியும்.

தாக்கம்

ரசிகர் குழுக்கள் ஒரு பயிற்சிப் பள்ளியாகவும் இருந்தன. ஏஜிடி குழுவினர் ஹிமாலயா ஸ்டூடியோஸ் என்ற வணிக நிறுவனத்தைத் தொடங்கிச் சொந்த விளையாட்டுகளை வெளியிட்டனர். மூன்றாம் பாகத்தை மறுவாக்கம் செய்த மற்றக் குழுவிலிருந்து 2014-இல் ‘குவெஸ்ட் ஃபார் இன்ஃபமி’ வந்தது. அதே ஆண்டில், சியராவின் ‘கேப்ரியல் நைட்’ விளையாட்டின் இருபதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு, அதன் படைப்பாளர் ஜேன் ஜென்சனின் தலைமையில், முறையான உரிமத்துடன் உருவானது. அப்பணியில் கூட்டாக உழைத்தது ஃபீனிக்ஸ் ஆன்லைன். ஒரு காலத்தில் தடைக்கடிதம் பெற்றவர்களே இப்போது உரிமம் பெற்ற மறுவாக்கத்தின் கைவினைஞர்கள்.

ஏஜிஎஸ் கருவியும் மறுவாக்கத்தோடு நின்றுவிடவில்லை. ‘பிளாக்வெல்’ தொடர், ‘ஜெமினி ரூ’ போன்ற முற்றிலும் புதிய படைப்புகள் அதில் உருவாயின. பழைய விளையாட்டுகளுக்கு ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது தெளிவானபின் பெரிய நிறுவனங்களும் திரும்பிப் பார்த்தன. ‘மங்கி ஐலண்ட்’ முதல் பாகத்தின் சிறப்புப் பதிப்பு 2009-இல் வந்தது. ‘கிரிம் ஃபாண்டாங்கோ’, ‘டே ஆஃப் தி டென்டகிள்’, ‘ஃபுல் திராட்டில்’ ஆகியவை 2015 முதல் 2017 வரை அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டன. ‘கிரிம் ஃபாண்டாங்கோ’வின் மூலத்தில் சுட்டி வசதி இல்லை; ரசிகர் ஒருவர் எழுதியிருந்த சுட்டி வசதியையே புதிய பதிப்பும் தழுவிக்கொண்டது. சிறப்புப் பதிப்புகள் பலவற்றில், ஒரு விசையை அழுத்தினால் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறிக்கொள்ளலாம். மூலத்தை மறைக்காத மறுவாக்கம் என்ற அந்த நெறி வரவேற்பைப் பெற்றது.

மதிப்பீடு

தொடங்கப்பட்ட ரசிகர் மறுவாக்கங்கள் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி, வெவ்வேறு நாடுகளிலிருந்து செய்யப்படும் பணி பாதியில் நிற்பது இயல்பு. முடிந்தவற்றிலும் தரம் ஒரே சீராக இல்லை. பிறர் உடைமையில் கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் எதிர்காலமும் உறுதியற்றது.

ஆயினும், ரசிகருக்கும் படைப்பாளருக்கும் இடையிலான கோடு இத்துறையில் தொடக்கத்திலிருந்தே மெல்லியதாகத்தான் இருந்தது. 2023 ஜனவரியில் ராபர்ட்டா வில்லியம்சும் கென் வில்லியம்சும் நீண்ட ஓய்விலிருந்து திரும்பி ஒரு விளையாட்டை வெளியிட்டனர். அது அவர்களின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ அன்று. ராபர்ட்டாவை இத்துறைக்கு இழுத்துவந்த ‘கொலோசல் கேவ்’ விளையாட்டின் முப்பரிமாண மறுவாக்கம். அவருடைய படைப்புகளை ரசிகர்கள் புதுப்பித்தது போலவே, அவரும் தாம் ரசித்த ஒரு படைப்பைப் புதுப்பித்தார்.

ரசிகர் மறுவாக்கங்களும் இப்போது பழையனவாகிவிட்டன. 2001-இல் எழுதப்பட்ட நிரல்கள் இன்றைய கணினிகளில் தடுமாறுகின்றன. 2021-இல் வெளியான ஸ்கம்விஎம் 2.5 பதிப்பு, ஏஜிஎஸ் கொண்டு உருவான விளையாட்டுகளையும் இயக்கும் திறன் பெற்றது. மூலங்களைக் காக்கத் தோன்றிய திட்டம், அந்த மூலங்களின் மறுவாக்கங்களையும் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.